வியக்கத் தெரிந்த பருவம்

உள்ளத்து உணர்ச்சிகள் உடலின்வழிப் புறத்தே தோன்றும் முறையை ஆராய்ந்த தொல்காப்பியர், அவற்றை மெய்ப்பாடுகள் எனப் பெயரிட்டு எட்டாக வகுத்தார். நகையில் தொடங்கி உவகையில் முடியும் அவ்வரிசையில் நான்காவதாக நிற்பது மருட்கை. ஐந்தாவதாக நிற்பது அச்சம். மருட்கை என்பது வியப்பு. வியப்பும் அச்சமும் ஒரே வேலிக்கு இருபுறத்தும் குடியிருக்கும் அயலவர் போல அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த அயன்மை தானே அமைந்ததோ, கருதி அமைக்கப்பட்டதோ, அதனைப் புலவர் ஆராயட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, தென்மராட்சிப் பகுதியைச் சேர்ந்த கொடிகாமத்தில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகிவரும் ஆசிரியன் ஒருவனுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும்.

பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட எம் பிள்ளைகள், எவரும் கற்பிக்காமலே, திடீரென ஒரு கணத்தில் உலகைக் கண்டு வியந்து நிற்கின்றார்களே, அந்த வியப்பைப் பற்றியே இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன்.

குழந்தையும் வியக்கின்றது என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். குழந்தைக்கு எறும்பும் வியப்பு, யானையும் வியப்பு. அது தன்னையும் உலகையும் வேறு பிரித்து அறியாது. பதின்ம வயதினரின் வியப்போ வேறு தன்மையது. 'நான்' என்னும் எண்ணம் வலுப்பெற்று, தாய் தந்தையரிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் தான் வேறானவன் என்று உணரத் தொடங்கும் காலம் அது. அவ்வுணர்வோடு ஒரு தனிமையும் கூடவே வருகின்றது. தம்மை எவரும் விளங்கிக்கொள்ளவில்லை என்று அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை எல்லாப் பெற்றோரும் அறிவர். அத்தகைய வேளையிலே வானமோ, கடலோ, ஒரு கணக்கோ, ஒரு சிறு விதையோ அவர்களைத் தடுத்து நிறுத்தி, 'நீ வேறானவன்தான். ஆயினும் தனித்தவன் அல்லன்' என்று அறிவித்துவிடுகின்றது. அந்த ஒரு கணத்தின் வலிமை சில வேளைகளில் ஒரு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாகின்றது.

சான்றுகள் வேண்டுமா? 1903 ஆம் ஆண்டளவில், பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்த கும்பகோணத்து மாணவன் ஒருவனின் கைக்கு ஒரு கணித நூல் கிடைத்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிறுவல்கள் இல்லை. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர்க்காக எழுதப்பட்ட அந்த நூலை உலகின் பல்லாயிரம் மாணவர் புரட்டியிருப்பர். அம்மாணவனோ நிறுவல் இல்லாத இடங்களையெல்லாம் தானே நிரப்பப் புகுந்தான். அவனே கணித மேதை சீனிவாச இராமானுசன். 1930 ஆம் ஆண்டில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறிய பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், அப்பயணத்தின்போதே விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்கிடத் தொடங்கினார். சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன், வெண்குறு மீனாகி அமைதியுற இயலாது என்று இன்று உலகம் ஏற்றிருக்கும் உண்மைக்கு அக்கணக்கே வித்தாயிற்று. அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அதற்கான நொபெல் பரிசு அவரை வந்தடைய 1983 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. வியப்போ பத்தொன்பது வயதிலேயே வந்துவிட்டது.

எல்லாப் பிள்ளைகளும் இராமானுசன் ஆவதில்லை, ஆகவேண்டியதும் இல்லை. கமக்காரனாகவும், தாதியாகவும், கடைக்காரனாகவும், சாரதியாகவும் வாழப்போகும் பிள்ளைக்கும் அந்தக் கணம் உரியதே. அதனை விளக்குதற்குத் தொல்காப்பியர் எனக்குக் கைகொடுக்கின்றார். மருட்கை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பது அவர் கருத்து. முன் காணாதது புதுமை, அளவிறந்தது பெருமை, மிக நுண்ணியது சிறுமை, ஒன்று மற்றொன்றாய் மாறுவது ஆக்கம். இந்நான்கையும் எங்கள் ஊரிலேயே உங்களுக்குக் காட்ட முயல்கின்றேன்.

முதலாவது புதுமை. கொடிகாமம் என்றதும் உங்களிற் பலருக்குச் சந்தையும், மாம்பழமும், பலாப்பழமும், தேங்காயும் நினைவுக்கு வரும். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குப் பிரியும் சந்தியும் நினைவுக்கு வரும். மூத்தோர்க்குப் புகையிரத நிலையமும் நினைவுக்கு வரும். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் முழுமை பெற்றுக் குடாநாட்டைக் கொழும்போடு இணைத்தது. 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு அந்த ஓட்டம் நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டு மறைந்தன. பாதை இருந்த இடத்திற் பற்றை வளர்ந்தது. எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்திற் படமாக மாத்திரமே புகையிரதத்தைக் கண்டு வளர்ந்தார்கள்.

இந்தியாவின் உதவியோடு பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2014 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பளை வரைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணம் வரைக்கும் வண்டி வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் கொடிகாமம் நிலையத்தில் வண்டி நின்ற அந்நாட்களில், மேடையிற் கூடியிருந்தோர் இரு வகையினராய் இருந்தனர். முதியோர் அழுதார்கள், அவர்களுக்கு அது மீட்சி. இளையோர் வாயடைத்து நின்றார்கள். அவர்களுக்கு அது புதுமை. ஒரே வண்டி, ஒரே மேடை. உணர்ச்சிகள் மாத்திரம் வேறு.

அவ்வாண்டு பதினாறு வயதை எட்டியிருந்த மாணவி ஒருத்தி, அருகில் நின்ற என்னிடம், "சேர், வண்டி கண்ணிற் படமுன்னமே நிலத்துக்குத் தெரிஞ்சிட்டுது" என்றாள். தொலைவில் வண்டி வரும்போதே மேடை மெல்ல அதிர்ந்ததை அவள் பாதங்கள் உணர்ந்திருந்தன. இச்சொற்களின் ஆழத்தை அறிய வேண்டுமானால் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2006 ஆம் ஆண்டிலே முகமாலைப் பக்கத்திற் போர் மூண்டபோது அவளுக்கு எட்டு வயது. நிலம் அதிர்ந்தால் அது எறிகணை என்பதே அவள் உடல் கற்றிருந்த பாடம். அதிரும் நிலம் ஒரு நல்ல செய்தியையும் கொண்டுவரலாம் என்பதை அன்றுதான் அவள் பாதங்கள் முதன்முறையாகக் கற்றன.

இரண்டாவது பெருமை. அளவிறந்த பெருமையுடையது வானம். ஆயினும் எங்கள் தலைமுறையினர் வானத்தை நிமிர்ந்து பார்த்தது விமானம் வருகின்றதா என்று அறிதற்கே. தொல்காப்பியர் அச்சத்துக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறினார். தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. வானத்தையும் நிலத்தையும் அவர் அப்பட்டியலிற் சேர்த்தாரல்லர். தலைக்கு மேலுள்ள வானத்துக்கும் காலுக்குக் கீழுள்ள நிலத்துக்கும் ஒருங்கே அஞ்சி வாழும் ஒரு மக்கட்கூட்டம் பின்னாளில் உண்டாகும் என்று அவர் எங்ஙனம் எண்ணியிருப்பார்?

எனினும் அந்த இருண்ட ஆண்டுகளிலும் வியப்பு முற்றாக அற்றுப்போகவில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலத்திற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மின்கலங்கள் கிடைப்பதரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக்கொண்டு வானொலி கேட்டோம். ஒருவர் சுழற்றக் களைத்தால் மற்றொருவர் சுழற்றுவார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். கடல் கடந்த ஊரிலிருந்து வரும் குரலை எம் கைவலிமையால் உயிர்ப்பித்துக் கேட்ட அந்த அனுபவத்தை, இன்று வானொலி நிலையம் ஒன்றிலிருந்து பேசும் வேளையில் நினைக்காதிருக்க இயலவில்லை. மின்விளக்கில்லாத அவ்விரவுகளில், எம் தோட்டங்களுக்கு மேலாகப் பால்வீதி ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் வெண்ணிறமாய்க் கிடந்தது. நகரங்களின் ஒளியில் வாழும் மக்கள் காண முடியாத காட்சி அது. வறுமை தந்த வெளிச்சம் என்றுதான் அதனைச் சொல்லவேண்டும்.

போர் முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்த 2010 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள் நண்பகலுக்குப் பின், யாழ்ப்பாணத்தில் ஏறக்குறையப் பத்து நிமிடங்கள் நீடித்த கங்கண சூரிய கிரகணம் தோன்றிற்று. 2019 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாட் காலையில் மீண்டும் ஒன்று தோன்றிற்று. சூரியன் சந்திரனிலும் ஏறக்குறைய நானூறு மடங்கு பெரியது. ஏறக்குறைய நானூறு மடங்கு தொலைவில் உள்ளது. ஆதலால் இரண்டும் எம் கண்ணுக்கு ஒரே அளவினவாய்த் தோன்றுகின்றன. சந்திரன் பூமியிலிருந்து சற்று விலகியிருக்கும் வேளையில் அது சூரியனை முற்றாக மறைக்க இயலாமல், ஓரத்தில் ஓர் ஒளிவளையம் எஞ்சுகின்றது. அதுவே கங்கணம். இதனை வெறுங்கண்ணால் நேரே பார்த்தல் கூடாது, கண் கெடும். மர நிழலிற் குனிந்து பார்த்தால் போதும். இலைகளுக்கிடையேயுள்ள ஒவ்வொரு சிறு துவாரமும் ஒரு நுண்டுளைப் படப்பெட்டியாகி, நிலத்தில் நூற்றுக்கணக்கான சூரிய வடிவங்களை விழுத்தும்.

2019 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாளில் நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அந்நாள், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை எம் கரைகளை அழித்த நாளின் பதினைந்தாவது நினைவு நாளுமாகும். எமக்கு அயலிலுள்ள வடமராட்சி கிழக்குக் கரையோரம் அப்பேரலையிற் பட்ட துயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அந்நாளிற் காலை 9.25 மணி முதல் 9.27 மணி வரை நாடெங்கும் மௌன அஞ்சலி நிகழ்வது உங்களுக்குத் தெரியும். பாடசாலை விடுமுறையாயினும், கிரகணம் பார்ப்பதற்காக மாணவர் சிலரை நாம் வளவினுள்ளே கூட்டியிருந்தோம். முதலில் இரண்டு நிமிடம் மௌனமாய் நின்றோம். அதன்பின் சில நிமிடங்களில், மேகங்கள் விலகிய இடைவெளியில், மாமரத்தடி மணலில் ஒளிவளையங்கள் விழுந்தன. அத்தனை பிள்ளைகளும் ஒருசேர மூச்சை உள்ளிழுத்த ஒலி இப்போதும் என் காதில் உள்ளது.

அவர்களுள் ஒருவன் கடற்கரை ஊரிலிருந்து வந்து கொடிகாமத்தில் தன் அம்மம்மாவோடு வாழ்பவன். அவன் வெள்ளைத்தாள் ஒன்றை மணலில் விரித்து, அதில் விழுந்த வளையங்களைப் பென்சிலாற் சுற்றி வரைந்துகொண்டான். ஏன் என்று வினவினேன். அந்த நாளில் அம்மம்மா விடியற்காலையிலிருந்தே முற்றத்துக்கு இறங்குவதில்லை என்றும், வானத்தைப் பார்ப்பதுமில்லை என்றும், இதனை வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்குக் காட்டப்போவதாகவும் சொன்னான். காட்டினானா, அவர் என்ன சொன்னார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாத வினாக்கள் சில உண்டு. அச்சத்தின் பக்கத்தில் நின்ற ஒருவரை வியப்பின் பக்கத்துக்கு அழைத்துவர ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எண்ணினானே, அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

மூன்றாவது சிறுமை. சிறுமை என்பதை இழிவென்று கொள்ளற்க. நுண்மை என்று கொள்க. எம் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் படைகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. அந்த நீரையே நாம் கிணறுகளிலிருந்து பெறுகின்றோம். சுண்ணாம்புக்கல்லோ கடலின் கொடை. மயோசீன் என்று நிலவியலார் வழங்கும் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி உண்டானது அக்கல்.

இதனைப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் ஒப்புவிப்பார்கள், மறந்துவிடுவார்கள். ஒருமுறை மதில் கட்டுதற்காக வலிகாமப் பக்கத்திலிருந்து கல் வந்து இறங்கியபோது, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உடைந்த கல்லொன்றின் முகத்திலே சிறுவிரல் நகத்தளவான சிப்பி வடிவம் ஒன்றைக் கண்டான். கச்சாய்க் கரையிற் பொறுக்கும் சிப்பியைப் போலவே அதன் வரிகள் தெளிவாயிருந்தன. அவன் அன்று முழுவதும் எவரோடும் அதிகம் பேசவில்லை. மாலையில் வந்து ஒரு வினாவைக் கேட்டான். எங்கள் வீடு, கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் இந்தச் சிறிய உயிர்களின் மேலேயா நிற்கின்றன என்பதே அவ்வினா. ஆம் என்றேன். அவன் குடிக்கும் நீரும் அவற்றினூடாகவே வருகின்றது என்றேன். இலட்சக்கணக்கான ஆண்டுகள் என்னும் எண் அன்று அவனுக்கு எண்ணாக இருக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு பாரமாக இருந்தது. அதற்குப் பின் அவன் துலாவடியில் நீரை வீணே ஊற்றுவதில்லை என்று அவன் தாயார் ஒருநாட் சொன்னார். நீர்ச் சிக்கனத்தைப் பற்றி நாம் ஒட்டும் சுவரொட்டிகள் செய்யாத காரியத்தை நகத்தளவு சிப்பி செய்துவிட்டது.

நான்காவது ஆக்கம், அதாவது ஒன்று மற்றொன்றாய் மாறுதல். இதற்குப் பனையைவிடச் சிறந்த ஆசிரியரை நான் அறியேன். பழக்காலத்திற் பொறுக்கிய பனங்கொட்டைகளைப் பாத்தியிலே அடுக்கி மண்ணால் மூடுகின்றோம். மாதங்கள் சில கழியக் கிழங்கு கிண்டுகின்றோம். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெண்மையாய், மென்மையாய், இனிப்பாய் இருப்பது பூரான். பிள்ளைகள் அதற்காகச் சண்டையிடுவார்கள். நுங்காய் இருந்தபோது நீர் போல இளகியிருந்தது. பழுத்தபின் கத்திக்கும் மசியாத கல்லாய் இறுகியது. இப்போது பஞ்சாகிவிட்டதே, எங்ஙனம் என்று வினவும் பிள்ளையே நான் சொல்லும் பிள்ளை. முளையின் ஒரு பாகம் கொட்டைக்குள்ளேயே பூரானாய்ப் பருத்து, கல் போன்ற பருப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சி, வெளியே இறங்கும் கிழங்குக்கு ஊட்டுகின்றது. தாய் கட்டிக்கொடுத்த சோற்றைத் தானே அவிழ்த்து உண்ணுதல் போல்வது இது. அக்கிழங்கு கிண்டப்படாமல் விடப்பட்டால் வடலியாகி, பனையாகிக் காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். பதினைந்து வயதுப் பிள்ளை தன் வயதையும் வடலியின் வயதையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தன் அவசரத்தை எண்ணிச் சிரிப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

ஆக்கத்துக்கு மற்றொரு சான்று எங்கள் அயலிலுள்ள முகமாலை. பல ஆண்டுகள் போர்முனையாய் இருந்த அந்நிலத்தில் மிதிவெடிகள் செறிந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாய், மண்ணை அங்குலம் அங்குலமாய்க் கிளறி, ஆயிரக்கணக்கில் அகற்றினார்கள். அப்பணியில் ஈடுபட்டோரிற் பெண்கள் பலர். எம் மாணவர்களின் தாய்மாரும் தமக்கைமாரும் அவர்களுள் இருந்தனர். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 ஆம் ஆண்டு இலங்கையும் இணைந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்ற இடங்கள் சிலவற்றில் இன்று தென்னங்கன்று நிற்கின்றது. தன் தாய் முழங்காலிட்டுத் துப்புரவாக்கிய நிலத்தில் முதன்முறையாக வெறுங்காலுடன் நடந்ததைப் பற்றி மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். மண் குளிர்ந்திருந்தது என்று ஒரே வரிதான் எழுதினாள். அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை என்பதை அவளும் அறிவாள். படித்த நானும் அறிவேன்.

எங்கே எழுதினாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எமது பாடசாலை நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். தம்மை வியக்கவைத்த ஒன்றை எந்த மாணவரும் அதில் எழுதலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. புள்ளி இல்லை; பிழை திருத்துதல் இல்லை; பரிசளிப்பு விழாவில் வாசிப்பதுமில்லை. ஒருவர், தூக்கணாங்குருவி அலகினாற் கூடு முடைவதை ஒரு பின்னேரம் முழுவதும் பார்த்ததை எழுதியிருக்கின்றார். ஒருவர், கனடாவிலுள்ள மாமியோடு தொலைபேசியிற் பேசும்போது அங்கே பனி விழும் ஓசையற்ற ஓசையைக் கேட்டதாக எழுதியிருக்கின்றார். மற்றொருவர், தன் அப்பா உறங்கும்போது அவர் முகம் தன் முகத்தைப் போல இருப்பதை முதன்முறையாகக் கண்டதாக எழுதியிருக்கின்றார். இவை கட்டுரைப் போட்டிக்கு வரும் எழுத்துகள் அல்ல. எவரையும் மகிழ்விக்கும் நோக்கம் இல்லாமையாலேயே இவை உண்மையாய் அமைகின்றன.

நேயர்களே! இத்துணை எளிதாகக் கிடைக்கும் இந்தச் செல்வம் எம் பிள்ளைகளிடமிருந்து ஏன் நழுவுகின்றது? கைத்தொலைபேசியே காரணம் என்று நாம் உடனே கூறிவிடுகின்றோம். அது முழு உண்மையன்று. கிரகணம் எப்போது, எங்கே என்று பிள்ளைகள் அறிந்ததும் அதே தொலைபேசியிலேதான். எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

ஒன்று, நேரமின்மை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். விடியமுன் ஒரு தனியார் வகுப்பு, பின்னர் பாடசாலை, பிற்பகலில் மற்றொரு வகுப்பு, இரவிற் பயிற்சி வினாக்கள், சனி ஞாயிறுகளில் மேலும் வகுப்புகள். பரீட்சையின் தேவையை நான் மறுக்கவில்லை. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே ஏணி என்பதை ஓர் அதிபர் அறியாதிருக்க முடியாது. ஆனால் வியப்பு அட்டவணையில் இடம் கேட்டு வருவதில்லை. எவ்வேலையும் இல்லாத ஒரு நாழிகை இருந்தால் அதில் வந்து அமரும். இல்லையேல் வாசலோடு திரும்பிவிடும். வாரத்தில் ஒரு பின்னேரத்தையாவது எம் பிள்ளைகளுக்கு வெறுமையாக விட்டுவைப்போமாக.

மற்றையது எமது அச்சம். எங்கள் தலைமுறை அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. 'வெளியே போகாதே', 'பற்றைக்குள் இறங்காதே', 'கிடப்பதைத் தொடாதே', 'சத்தம் கேட்டால் குப்புறப் படு' என்று நாம் கற்றவை எம் உயிரைக் காத்தன. உயிர் காத்த சொற்கள் எளிதில் நாவை விட்டு நீங்குவதில்லை. ஆதலால், காரணம் நீங்கிய இடத்திலும் அச்சொற்களையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம். நிலத்தில் இன்றும் ஐயத்துக்குரிய பொருள் கிடந்தால் தொடாமல் அறிவிக்க வேண்டும் என்று கற்பிப்பது கடமை, அது எச்சரிக்கை. வானத்தையும், கடலையும், மண்ணையும், அயலாரையும் எப்போதும் ஐயத்தோடே பார் என்று பழக்குவது வேறு. அது அச்சத்தை முதுசொமாக எழுதிக்கொடுத்தல். காணியையும் நகையையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அச்சத்தை எம்மோடு முடித்துக்கொள்வோம்.

ஒரு பிள்ளை ஓடிவந்து, கண்கள் அகல, 'அம்மா, இதைப் பாருங்கோ' என்று சொல்லும்போது நாம் செய்யவேண்டியது மிகச் சிறிது. அடுப்பைச் சற்றே தணித்துவிட்டு, கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு, அப்பிள்ளை காட்டும் திசையிற் பார்த்தல் வேண்டும். விளக்கம் சொல்லத் தெரிந்தால் பிறகு சொல்லலாம். தெரியாவிட்டால், 'எனக்கும் தெரியாது, இருவரும் தேடுவோம்' என்று கூறலாம். பதின்ம வயதுப் பிள்ளை வியப்பைச் சொல்ல வாய்திறப்பதே அரிது. ஒருமுறை சிரித்துத் தள்ளினால், அல்லது 'இதுக்கு எத்தனை புள்ளி?' என்று கேட்டுவிட்டால், அடுத்த முறை அது உள்ளே பூட்டிக்கொள்ளும். பூட்டிய கதவை வெளியிலிருந்து திறக்கும் திறப்பு எந்த ஆசிரியனிடத்தும் இல்லை.

வியக்கும் பிள்ளை நல்ல பிள்ளை ஆகிவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டிருக்கின்றேன். சிப்பியைக் கண்டவன் நீரை மதித்தான். குருவியைக் கண்டவர் கூட்டுக்குக் கல்லெறியார். உறங்கும் அப்பாவின் முகத்திலே தன்னைக் கண்ட பிள்ளை அடுத்த நாள் சற்றே பணிந்து பேசியிருக்கும் என்று நம்புகின்றேன். தான் ஒன்றோடு தொடர்புடையவன் என்று உணர்ந்தவனுக்கு அதனை அழிக்க மனம் வராது. முப்பது ஆண்டுகள் அழிவைக் கண்ட ஒரு நிலத்துக்கு இதைவிட வேண்டப்படும் கல்வி வேறு யாது?

2031 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள், தென்னிந்தியாவின் மேலாகவும் எம் நாட்டின் வடபகுதியின் மேலாகவும் மீண்டும் ஒரு கங்கண சூரிய கிரகணம் கடந்து செல்லவிருக்கின்றது. இன்று கீழ்வகுப்புகளிற் படிக்கும் பிள்ளைகள் அப்போது பதின்ம வயதை அடைந்திருப்பார்கள். அந்நாளில் அவர்களைக் கதவடைத்து வீட்டினுள்ளே வைத்திருப்போமா, அல்லது முற்றத்து மரத்தடிக்கு அழைத்துச்சென்று மணலிலே விழும் ஒளிவளையங்களைக் காட்டுவோமா என்பது எம் கையில் உள்ளது. வீட்டிலொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் இருந்தாற் போதும். மரத்தை மாத்திரம் அதுவரையிற் தறிக்காமல் வைத்திருங்கள்.